பவுலினின் சனிக்கிழமைகள்

பவுலினுக்குக் காலில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்டால், எலும்பும் சதையும்தான் இருந்தன என்பேன். எங்கள் சவுக்குமலைத் தோட்டத்தில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அந்தோனியார் கொடுத்த வரம் என்றாள் அவள் அம்மா சுகிர்தம். காற்றுக் கருப்பு என்றார்கள் மேல் லயத்து வீட்டு வரிசையில். ஒரு மண்ணும் இல்லை. ஒரு காரியத்தைத் தினமும் விடாமல் செய்தாள், அவ்வளவுதான். தோட்டத்து வேலையைத் தவிர வேறு எதையும் விடாமல் செய்து பழகாத எங்களுக்கு அது வரமாகவும் பேயாகவும் தெரிந்தது. நான் அவளுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாத சுவர். அவர்கள் வீட்டில் யார் இருமினாலும் எங்கள் வீட்டில் திரும்பிப் படுப்போம்.

தோட்டத்து மைதானம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால், மலையை வெட்டிச் சமமாக்கிய ஒரு துண்டு நிலம். மூன்று பக்கம் மேடு. நான்காவது பக்கம் ஒன்றுமே இல்லை, நேரே சரிவு. அந்தச் சரிவு முழுக்கத் தேயிலை, அதுதான் ஏழாம் நம்பர் மலை. அடியில் ஓடை. கொஞ்சம் ஓங்கி அடித்தால் பந்து விளிம்பைத் தாண்டி, தேயிலைக்குள் விழுந்து, தண்ணீர் வடிகிற கான் வழியே உருண்டு ஓடைக்குப் போய்விடும். அதை எடுத்து வர யாராவது இறங்க வேண்டும். ஆடுகிற ஆண்பிள்ளைகளுக்கு அது மரியாதைக் குறைச்சல். அதனால் எட்டு வயதுப் பவுலினைக் கீழே உட்கார வைத்திருந்தார்கள்.

பந்தைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி இறங்கினால் மூச்சு வாங்கும். நாலு தரம் ஏறினாள், அலுத்துப் போனது. ஐந்தாவது தரம் கீழே நின்றபடியே மேல் நோக்கி உதைத்தாள். அது பாதி மேட்டில் போய் முட்டி அவள் தலை மேலேயே திரும்பி விழுந்தது. அதற்குப் பிறகு அவள் தூக்கிக்கொண்டு ஏறவே இல்லை. வெறுங்காலால் பந்துக்கு அடியில் எங்கே தொட்டால் அது மேலே எழும்பும் என்று அந்தச் சரிவே அவளுக்குக் காட்டிக் கொடுத்தது. இரண்டு வருஷத்தில் ஓடைக் கரையிலிருந்து அடித்த பந்து மைதானத்தில் போய் விழ ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் பழனியாண்டிதான் கோல்கீப்பர். ஒரு நாள் வந்து சொன்னார்: "பள்ளத்துல இருந்து பந்து நேரா என் கையில வந்து விழுகுது. எந்தப் பயடா அடிச்சான்னு எட்டிப் பாத்தா, பாவாட."

அணிக்குத் தலைவர் லியனார்ட் அண்ணன். தேயிலை ஸ்டோரில் இஞ்சின் ஓட்டுகிறவர். யுத்த காலத்தில் தியத்தலாவை முகாமில் சமையல்கட்டில் இருந்தபோது வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு பந்தடித்துப் பழகியவர். சனிக்கிழமை தோறும் ஆட்டம் தொடங்குமுன் பதினோரு பேரையும் உட்கார வைத்துப் பிரசங்கம் வைப்பார். விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிக்குமுன் எழும்ப வேண்டும். வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டுப் பந்தைத் தொடக் கூடாது. வலது காலுக்குக் கொடுக்கிற வேலையை இடது காலுக்கும் கொடுக்க வேண்டும். பந்தையே குனிந்து பார்த்து ஓடுகிறவன் மாடு. பந்து அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கேதான் கண் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்தால் காலைக் கழுவி நகத்தைப் பார்க்க வேண்டும். சாராயம் கூடவே கூடாது. பதினோரு பேரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் பதினோரு பேரும் ஒன்றாகச் சாராயக் கடைக்குப் போவார்கள். லியனார்ட் அண்ணனும் போவார், அவர்களைக் கண்காணிக்க.

அந்தப் பிரசங்கத்தை நிஜமாகவே நம்பிய ஒரே ஆள் விளிம்புக்குக் கீழே உட்கார்ந்திருந்த பவுலின்தான்.

தப்புக்காரன் வருவதற்கு முன்னாலேயே சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். பனியில் கோயில் மேடு வரைக்கும் ஓடிவிட்டு வருவாள். பீலிக்கரையில் தண்ணீருக்கு வரிசை நிற்கும்போது இடது காலில் மட்டும் நிற்பாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. "கொக்கு வந்துருச்சு, மீன எல்லாம் மறச்சு வைங்கடி" என்று நாங்கள் கேலி பண்ணுவோம். அவள் காதில் வாங்க மாட்டாள். வீட்டில் சுகிர்தம் ஒரு அகப்பை கூடப் போட்டால் தட்டைக் கையால் மூடுவாள். மலையகத்தில் சோறு வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை நான் அவளுக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முதலில் அவளுக்குக் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். பிறகு பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்களுக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை, பத்தடிக் காம்பரா கூடத் துரையுடையது. அவளுக்கு மட்டும் சொந்தமாக ஏதோ இருந்தது.

பதினான்கு வயதில் பவுலினுக்குத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். கூடையைக் கட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலையில் என் பக்கத்துச் செடி வரிசைக்கு, எங்கள் பேச்சில் நெரைக்கு, வந்து நின்றாள். அத்தோடு அவள் ஆட்டம் முடிந்தது. யாரும் தடுக்கவில்லை, ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆண்களுக்குக் கவ்வாத்து, முள்ளுக்குத்து என்று கணக்கு வேலை. கொடுத்ததை முடித்தால் பகல் சாய்வதற்குள் லயத்துக்கு வந்துவிடலாம். அதனால்தான் அவர்களுக்குச் சனிக்கிழமை ஆட்டம். கொழுந்து எடுக்கிற பொம்பளைகளுக்கு அப்படி இல்லை. மாலையில் சங்கு ஊதும் வரை மலையில்தான், எத்தனை றாத்தல் எடுத்தாலும். ஞாயிற்றுக்கிழமை விறகு, துணி, கோயில். மைதானத்தில் ஆள் இருக்கும் நேரத்தில் எந்தப் பொம்பளையும் சும்மா இருக்க முடியாது. இதை ஒரு சட்டமாக யாரும் போட்டிருந்தால் அதை எதிர்த்துச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் மேலே பந்துச் சத்தம் கேட்கும்போது பவுலினின் முதுகு விறைக்கும். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். சில நாள் பந்து விளிம்பைத் தாண்டி எங்கள் நெரைக்குள் விழும். கூடையை இறக்காமலேயே அதை ஒரே உதையில் மேலே அனுப்புவாள்.

ஒரு வருஷம் பொறுத்தாள். ஒரு நாள் கொழுந்து நிறுக்கும்போது எங்கள் கணக்கப்பிள்ளை சிவசாமியிடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை, நல்லவரும் இல்லை. துரைக்கு முன்னால் குனிந்த முதுகை எங்களுக்கு முன்னால் வந்துதான் நிமிர்த்துவார்.

"ஐயா, எனக்கும் ஆம்பளைங்க மாதிரி கணக்கு வேல குடுங்க. சனிக்கெழம மட்டும். முடிச்சிட்டு நான் போயிருறேன்."

"எங்க போவ?"

"வெளையாட."

சிவசாமி அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். எல்லாரையும் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்ல வைத்துச் சிரித்தார். பிறகு, "பகல் நிறுவைக்குள்ள ஒரு பேருக்குள்ள றாத்தலக் கொண்டாந்து போடு. அப்பறம் நீ எங்கன வேணா போ" என்றார். ஒரு நாள் கூலியைத்தான் நாங்கள் ஒரு பேர் என்போம். அதற்கு இத்தனை றாத்தல் கொழுந்து என்று கணக்கு. குறைந்தால் அரைப்பேர். அந்தக் கணக்கைச் சங்கு ஊதுவதற்குள் எட்டுவதற்கே எங்களுக்குக் கை ஓய்ந்துவிடும். பகலுக்குள் எடுக்கச் சொன்னது கேலிக்குத்தான்.

பவுலின் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. காலுக்குச் செய்ததை எல்லாம் கைக்குச் செய்ய ஆரம்பித்தாள். நாங்கள் வலது கையால் பத்துப் பிடி எடுத்தால் இடது கை நாலு பிடி எடுக்கும். அவள் இடது கையை மட்டும் வைத்துக் காலை நிறுவை வரை எடுத்துப் பழகினாள். விரலைப் பார்க்கவே மாட்டாள். கண் அடுத்த செடியில் இருக்கும், கை இந்தச் செடியில் நடக்கும். "குனிஞ்சு பாத்தா மாடுக்கா" என்று ஒரு தரம் எனக்கே புத்தி சொன்னாள். வெற்றிலை போட நிற்பதில்லை, பேச்சுக்கு நிற்பதில்லை. கொழுந்தும் பழுதில்லை, இரண்டு இலையும் மொட்டுமாக ஒரே சீராக இருக்கும். ஐந்தாறு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை பகல் நிறுவையில் தராசு முள் கணக்கைத் தொட்டது. சிவசாமி தராசைத் தட்டிப் பார்த்தார், இன்னொரு தரம் நிறுத்தார். சொன்ன வாக்கு சொன்னதுதான் என்று கையைக் காட்டினார். அவள் ஓடின ஓட்டத்தை என்னால் மறக்க முடியாது.

அவள் ஆடியதை நான் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பது, நான் மலையில் அல்லவா இருந்தேன். என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். பாவாடைக்குள் அப்பாவின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு இடது ஓரத்தில் நின்றாளாம். முதலில் சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார்களாம். நாலைந்து சனிக்கிழமை அப்படிப் போனது. அந்தோனியார் திருநாளுக்குக் கல்லுமலைத் தோட்டத்து அணி எங்கள் மைதானத்துக்கு வருவதாக இருந்தது. பவுலினையும் இறக்குவது என்று லியனார்ட் அண்ணன் முடிவு செய்தார். கல்லுமலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். பவுலின் இரவில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லக் கேட்பாள்: "அக்கா, திருநாளைக்கு மழ வராதுல்ல?" அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள்.

மழை வரவில்லை. துரை வந்தார்.

ஒரு சனிக்கிழமை ஜீப்பில் பிள்ளைக் காம்பராப் பக்கம் வந்தவர் மைதானத்தைப் பார்த்திருக்கிறார். வேலை நேரத்தில் ஒரு பெண் ஏன் இங்கே நிற்கிறாள் என்று சிவசாமியைக் கேட்டிருக்கிறார். சிவசாமிக்கு வேர்த்துவிட்டது. தன் தலை தப்பினால் போதும் என்று, "அவ கணக்கப் பகலுக்கே முடிச்சிட்டாங்க தொரை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். துரை தலையாட்டிக்கொண்டு போனார். திங்கட்கிழமை பெரட்டில் உத்தரவு வந்தது. ஒரு சின்னப் பெண் அரை நாளில் எடுப்பதை மற்றவர்கள் ஒரு நாள் முழுக்க எடுத்தால், அவ்வளவு நாளும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். ஒரு பேருக்கான றாத்தலைக் கூட்டிவிட்டார். எல்லாருக்கும். ஏழாம் நம்பர் மலையில் பாதிப் பெண்களுக்கு அன்று மாலை அரைப்பேர்.

பீலிக்கரையில் பவுலின் வந்தால் பேச்சு நின்றது. அவள் குடத்தை எடுத்துத் தூர வைத்தார்கள். "ஒன் காலுக்கு நாங்க கைய ஒடச்சுக்கணுமா?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். எனக்கும் கோபம்தான். ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன், என் வீட்டுக்காரர் உட்பட. தொழிற்சங்கத் தலைவர் அட்டனிலிருந்து வருவார் என்றார்கள். வருவார், வருவார் என்று வழி பார்த்தோம்.

அடி விழுந்தது சுகிர்தத்துக்குத்தான். அவளுக்கு மூட்டு வலி, கையும் முன்னைப் போல் ஓடாது. தினமும் அரைப்பேர் வாங்கிக்கொண்டு வந்தாள். பவுலின் தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி அம்மாவின் கூடையில் போடப் போனாள். சுகிர்தம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் கொழுந்த என் கூடையில போடாத. ஒன்னாலதான் எனக்கு அரப்பேரு. அதுக்கு நீயே பிச்ச போடுறியா?"

அன்று இரவு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் பவுலினே என்னிடம் வந்தாள். "அக்கா, எல்லாரும் சேந்து கொறச்சு எடுத்தா? நானும் கொறச்சு எடுத்தா, செடி அவ்வளவுதான் குடுக்கும்னு நம்புவாங்கல்ல?" யோசித்துப் பார்த்தால் வேறு வழி இல்லை. கூட்டமாக நின்று கேட்டால் பேர் வெட்டுவார்கள். மெதுவாக எடுப்பவளை என்ன செய்வது. பேசி ஒத்துக்கொண்டோம். எல்லாரும் குறைத்தோம். பவுலினால் மட்டும் முடியவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை, அதை நான் பக்கத்து நெரையில் நின்று பார்த்தேன். மெதுவாக எடுப்பாள், நாலு செடி தாண்டும். அதற்குப் பிறகு கண் அடுத்த செடிக்கு ஓடும், கை தன்னால் ஓடும். பிடித்து நிறுத்துவாள், மறுபடி ஓடும். இத்தனை வருஷம் பழக்கின கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. மாலையில் தராசு முள் அவள் கூடைக்கு மட்டும் மேலே ஏறியது. சிவசாமி எங்களைப் பார்த்து, "இந்தா, இவளால மட்டும் எப்புடி முடியுது?" என்றார். பவுலின் முகம் வெளுத்துப் போனது.

அதற்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு செடிக்கு ஒரு மங்கள வார்த்தை. மாதாவுக்குச் சொல்கிற அந்தச் செபத்தை முழுதாகச் சொல்லி முடிக்காமல் அடுத்த செடிக்குப் போவதில்லை. முணுமுணுவென்று தொடங்கி ஆமென் வரும் வரை கை அந்தச் செடியிலேயே கிடக்க வேண்டும். கை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், எனக்கும் பாடமாகிவிட்டது. பாதி வார்த்தை எனக்கு விளங்கவில்லை. நடுவில் மறந்தால் மாரியம்மனை உள்ளே இழுத்துவிடுவேன். மாதா கோபித்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். மலை முழுக்க ஒரே முணுமுணுப்பு. சிவசாமி கண்ணை உருட்டினார்.

"என்னடி இது, மலைய கோயிலாக்கிட்டீங்க?"

"திருநாள் வருதுங்க ஐயா" என்றாள் சுகிர்தம்.

செபம் சொல்லாதே என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. வாரக் கணக்கில் எல்லாரும் அரைப்பேர் வாங்கினோம். வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. என் வீட்டுக்காரர் முதல் தடவையாகச் சாராயக் கடைக்குப் போகாமல் இருந்தார், கையில் ஒன்றும் இல்லாததால்.

திருநாள் சனிக்கிழமை வந்தது. காலையில் கல்லுமலைக்காரர்கள் லொறியில் வந்து இறங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. சிவசாமி நெரைக்கு உள்ளே இறங்கி வந்து பவுலினுக்குப் பின்னால் நின்றார். குரலைத் தாழ்த்திப் பேசினார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்.

"பாரு புள்ள, இது யாருக்கும் தெரிய வேணாம். இன்னிக்குப் பழையபடி எடு. பகல் நிறுவைக்குக் கொண்டாந்து போடு, நீ போயி வெளையாடு. ஒன்னைய ஒருத்தரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க."

ஏன் கேட்கிறார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் ஒருத்தி பகலுக்குள் கணக்கை எடுத்துக் காட்டிவிட்டால், மற்றவர்கள் வேண்டுமென்றே குறைக்கிறார்கள் என்று துரைக்கு நிரூபித்துவிடலாம். வாரக் கணக்காக நாங்கள் கிடந்த பட்டினி வீணாகும். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்து நெரைகளில் செபச் சத்தம் நின்று போயிருந்தது.

கொஞ்ச நேரம் பவுலினின் கை இரண்டும் செடி மேல் சும்மா கிடந்தன. பிறகு மங்கள வார்த்தையைத் தொடங்கினாள். அவள் அவ்வளவு சத்தமாகச் செபம் சொல்லி நான் கேட்டதில்லை.

பகல் நிறுவையில் அவள் கூடை பாதிதான் இருந்தது. சிவசாமி தராசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கையி என்னா ஆச்சு ஒனக்கு?"

"வரலைங்க ஐயா."

திரும்பி வந்து நெரையில் நின்றாள். மேலே விசில் ஊதியது. கூச்சல் வந்தது, கைதட்டல் வந்தது. யார் கோல் போட்டார்கள் என்று கீழே இருந்து எப்படித் தெரியும். ஒவ்வொரு கூச்சலுக்கும் அவள் கை நின்று பிறகு நகர்ந்தது. வழக்கமாக ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து தரமாவது பந்து எங்கள் மலையில் விழும். அன்றைக்கு முழுக்க ஒரு தரம் கூட விழவில்லை. "எனக்கு வெளையாடணும் போல இருக்குக்கா" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அவள் பக்கத்தில் நகர்ந்து நின்றேன். மாலையில் அவளுக்கு அரைப்பேர் போட்டார்கள். சுகிர்தம் வந்து மகளின் கூடையைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தாள். எங்கள் அணி தோற்றது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கொஞ்ச நாளில் கொழுந்து செடியிலேயே முற்ற ஆரம்பித்தது. ஸ்டோரில் நல்ல இலை இல்லை என்று கூச்சல். துரை பழைய றாத்தலுக்கே இறங்கி வந்தார். அதோடு இன்னொரு உத்தரவும் போட்டார்: சங்கு ஊதும் முன் எந்தப் பொம்பளையும் மலையை விட்டுப் போகக் கூடாது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று பீலிக்கரையில் சிரித்தோம். பவுலினுக்கு இடம் விட்டுக் குடத்தை நகர்த்தினோம். அவள் வந்து இடது காலில் நின்றாள்.

அதற்குப் பிறகுதான் நிஜமான கொடுமை தொடங்கியது. சிவசாமி விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரட்டில் நெரை பிரித்துக் கொடுக்கும்போது அவளுக்கு முன்னால் நின்று கேட்பார்: "என்னா பவுலின், இன்னிக்கு ஆட்டம் இருக்கு. பழையபடி எடுக்கிறியா? தொரை உத்தரவ நான் பாத்துக்கிறேன், வுடுறேன்." அது கேலியா, ஆசை காட்டுவதா, அவருக்கே மனசு உறுத்தியதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஒரு தரம் சரி என்றால் போதும், எங்கள் றாத்தல் மறுபடி ஏறும். அவள் ஒவ்வொரு தரமும் அதே பதிலைச் சொன்னாள்: "கையி வரலைங்க ஐயா." கதவைப் பூட்டியிருந்தால் மறந்திருப்பாள். வாரா வாரம் திறந்து காட்டினார்கள், அவளே தன் கையால் சாத்த வேண்டியிருந்தது.

வருஷங்கள் போயின. பவுலினுக்கு ஸ்டோரில் வேலை செய்கிற அமிர்தநாதனோடு கல்யாணம் ஆனது. பெண் குழந்தை பிறந்தது. லியனார்ட் அண்ணன் மூச்சு இழுப்பு வந்து பிரசங்கத்தை நிறுத்தினார். ஆனால் தப்புக்கு முன்னால் தாழ்ப்பாள் சத்தம் நிற்கவில்லை. கோயில் மேட்டுக்கு ஓடுவாள், இடது காலில் நிற்பாள், நகம் பார்ப்பாள், சோற்றைக் கையால் மூடுவாள். ஒரு நாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "எதுக்குடி இன்னும் இதெல்லாம்? எவன் வந்து ஒன்னைய எறக்கப் போறான்?" என்று கேட்டேன்.

"விட்டா போயிரும்க்கா" என்றாள். எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் சிவசாமி உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து அழகன் என்று ஒரு சின்ன வயதுக்காரர் வந்தார். நல்ல மனுஷர், அதட்டிப் பேச மாட்டார். அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. முதல் சனிக்கிழமை பெரட்டில் பேர் கூப்பிட்டு நெரை கொடுத்துக்கொண்டே வந்தார். பவுலின் முன்னால் வந்தார். "பவுலின், பத்தாவது நெர" என்றார். அடுத்தவளிடம் போய்விட்டார்.

அவள் நகரவில்லை. பதில் வாயில் தயாராக இருந்திருக்க வேண்டும், உதடு அசைந்ததைப் பார்த்தேன். பின்னால் வந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு இறங்கினேன். பாதி வழியில் கூடையோடு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா கொழுந்தை வேண்டாம் என்று தடுத்தபோது அழாதவள், திருநாள் அன்று அழாதவள், முகத்தை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் புதைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள்.

"என்னாடி, என்னா ஆச்சு?" என்றேன்.

"கேக்கவே இல்லையேக்கா."